திருமணப் பேய்ப்படங்கள்

திருமண உறவுக்குள் இருக்கும் அச்சம், சந்தேகம், வன்முறை, ஏமாற்றம் ஆகியவற்றைப் பேய்க்கதையாகவோ திகில்கதையாகவோ சொல்லும் திரைப்படங்களைத் திருமணப் பேய்ப்படங்கள் எனலாம். இவற்றில் பேய் சுடுகாட்டிலிருந்தோ காட்டு வழியிலிருந்தோ வருவதில்லை. வீட்டுக்குள்ளிருந்து, பெரும்பாலும் மனைவியின் உடலிலிருந்து வெளிப்படுகிறது. யாரை நம்பி ஒரு வீட்டுக்குள் நுழைந்தோமோ அவரே ஆபத்தாக இருக்கலாம் என்ற பயமே இப்படங்களின் அடிப்படை.

தமிழ்த் திரையுலகில் இவ்வகைக்குத் தனிப்பெயர் இல்லை. பேய்ப்படம், மர்மப் படம், குடும்பப் படம் என்ற மூன்று பெயர்களுக்குள் இவை கலந்து கிடக்கின்றன. ஆனால் 1960கள் முதல் இன்று வரை ஒரே கதைக்கூறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றின் வேர்கள் சினிமாவுக்கு மிக முந்திய நாட்டார் கதைகளிலும் வழிபாடுகளிலும் உள்ளன.

கதை மரபு: பழையனூர் நீலி

தமிழில் திருமணத்தைப் பற்றிய மிகப் பழைய பேய்க்கதை பழையனூர் நீலியின் கதை. இது திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இக்கதைக்கான குறிப்பு உள்ளது. பின்னர் இது கதைப்பாடலாகவும் கூத்தாகவும் தமிழகம் முழுதும் பரவியது.

கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. அவற்றின் பொதுவான சாரம் இது: கணவன் ஒருவன் தன் மனைவியை வழியில் கொன்றுவிடுகிறான். மறுபிறப்பில் அவன் வணிகனாகப் பிறக்கிறான். அவள் நீலி என்னும் பேயாக அவனைப் பின்தொடர்கிறாள். அவனிடம் ஒரு வாள் இருப்பதால் அவளால் அவனை நெருங்க முடிவதில்லை. கள்ளிக் கொப்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடிய சபைக்கு வருகிறாள். “இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுப் போகிறார்” என்று முறையிடுகிறாள். குழந்தையும் அவனை அப்பா என்று அழைக்கிறது. அவள் தன் மனைவி அல்ல, பேய் என்று அவன் கெஞ்சுகிறான். சபையோர் நம்பவில்லை. வாளை வாங்கி வைத்துக்கொண்டு இருவரையும் ஒரே அறையில் இரவு தங்கச் சொல்கிறார்கள். அவனுக்கு ஏதாவது நேர்ந்தால் தங்கள் உயிரைத் தருவதாகவும் வாக்களிக்கிறார்கள். காலையில் அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் வாக்குப்படி தீயில் இறங்கி உயிர்விடுகிறார்கள்.

இக்கதை வேளாளரின் வாக்குத் தவறாமையைச் சொல்லும் கதையாகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. நீலியின் பெயர் ‘நீலிக்கண்ணீர்’ என்ற வழக்காக, பொய் அழுகையைக் குறிக்கும் சொல்லாக மொழியில் நிலைத்துவிட்டது. அவள் முதலில் கொலையுண்ட மனைவி என்பது அந்த வழக்கில் இல்லை.

கதையின் மையமான காட்சி பின்வந்த திரைப்படங்களைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது. உயிருக்கு ஆபத்து என்று ஒருவர் சொல்கிறார். ஊர்ப்பெரியவர்கள் அதைக் குடும்பச் சண்டை என்று எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தி இருவரையும் சேர்த்து வைக்கிறார்கள். கதையில் இவ்வாறு உள்ளே தள்ளப்படுபவன் ஆண். வாழ்க்கையில் பெரும்பாலும் அது பெண். “கொஞ்சம் அனுசரித்துப் போ” என்ற அறிவுரையோடு கணவன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படும் பெண்ணின் நிலையை இக்கதை ஆண் பெண் இடம் மாற்றிக் காட்டுகிறது என்று வாசிக்க இடமுண்டு.

கண்ணகியும் சிறுவாச்சூரும்

திருச்சி–சென்னை தேசிய நெடுஞ்சாலையில், பாடாலூருக்கும் பெரம்பலூருக்கும் இடையே சிறுவாச்சூர் உள்ளது. இங்குள்ள மதுரகாளியம்மன் கோயில் பெரம்பலூர் வட்டாரத்தின் முக்கியமான அம்மன் கோயில்களுள் ஒன்று. மதுரையை எரித்தபின் கோபம் தணியாமல் வந்த கண்ணகியே இங்கு மதுரகாளியாக அமர்ந்தாள் என்பது தலக்கதை. முன்பு இங்கிருந்த செல்லியம்மனை ஒரு மந்திரவாதி தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்ததாகவும், மதுரகாளி அவனை அழித்து அவளை விடுவித்ததாகவும், பிறகு செல்லியம்மன் அருகிலுள்ள பெரியசாமி மலைக்குச் சென்றுவிட்டதாகவும் சொல்வார்கள். இக்கோயிலில் வழக்கமாகத் திங்கள், வெள்ளி ஆகிய இரு நாட்களில் மட்டுமே பொது வழிபாடு நடப்பது இதன் தனித்தன்மை.

திருமணத்தில் அநீதிக்கு உள்ளான பெண் இறந்தபின் பேயாகவோ தெய்வமாகவோ ஆற்றல் பெறுகிறாள் என்ற நம்பிக்கையின் உயர்ந்த வடிவம் கண்ணகி. நீலி அதன் மறுபக்கம். ஒரு வேறுபாடு கவனிக்கத் தக்கது. தன்னைக் கைவிட்டுப் போன கணவன் மீது கண்ணகியின் கோபம் திரும்பவில்லை. அவனைக் கொன்ற அரசன் மீது திரும்பியது. நீலியின் கோபம் கணவன் மீதே திரும்பியது. ஒருத்தி தெய்வமானாள், மற்றவள் பேயானாள். தமிழ்த் திரைப்படங்களும் பெரும்பாலும் இந்தப் பாகுபாட்டையே பின்பற்றுகின்றன.

இறந்த பெண்ணுக்கும் திருமணத்துக்கும் உள்ள தொடர்பு வீட்டு வழிபாட்டிலும் உண்டு. வட தமிழகத்தில் சுமங்கலியாகவோ கன்னியாகவோ இறந்த குடும்பப் பெண்ணைப் பூவாடைக்காரி என்று வழிபடுவார்கள். வீட்டில் திருமணம் வைக்கும்போது அவளுக்குப் புதுச்சேலை வைத்துப் படைப்பது வழக்கம். இறந்தவளைத் திருப்திப்படுத்தாமல் புதியவள் வீட்டுக்குள் வர முடியாது என்பது இதன் பொருள். முதல் மனைவியின் ஆவி இரண்டாம் மனைவியைப் பிடிக்கும் திரைக்கதைகள் பார்வையாளருக்கு எளிதில் விளங்குவதற்கு இந்தப் பின்னணியும் காரணம்.

பேய் பிடித்தலும் புதுமணப்பெண்ணும்

பேய் பிடித்ததாகச் சொல்லிப் பூசாரியிடமும் கோடங்கியிடமும் அழைத்து வரப்படுபவர்களில் புதிதாக மணமான பெண்கள் அதிகம் என்பது கிராமங்களில் பலர் அறிந்தது. 1990களின் தொடக்கத்தில் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் செஞ்சிப் பகுதியில் ஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் நபோக்கோவ் இதை விரிவாக எழுதியுள்ளார். அவர் கண்ட நிகழ்வுகளில் பெண்களைப் பிடித்ததாகச் சொல்லப்பட்ட பேய்கள் பெரும்பாலும் காதல் நிறைவேறாமல் அகால மரணம் அடைந்த இளைஞர்கள். பிடிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கணவனோடு வாழ விருப்பம் இல்லாமலோ தாய்வீட்டுக்குத் திரும்பியோ இருந்த இளம் மனைவிகள்.

பேயோட்டும் சடங்கில் பம்பை அடித்துப் பேயைப் பேச வைப்பார்கள். அதன் பெயர், ஊர், எந்த இடத்தில் பிடித்தது, என்ன வேண்டும் என்று கேட்பார்கள். பின் பெண்ணின் உச்சிமுடியில் கொஞ்சம் எடுத்துப் புளியமரத்தில் ஆணி வைத்து அடிப்பார்கள். சடங்கு முடிந்தபின் அவள் கணவனிடம் திரும்ப வேண்டும். நபோக்கோவின் பார்வையில் இச்சடங்கு பேயாகிய காதலனை விலக்கி மனைவியை மீட்டெடுப்பது. அவளுக்குத் திருமணத்தில் என்ன குறை என்ற கேள்வி சடங்கில் எழுவதில்லை. கேள்விகள் பேயிடம் மட்டுமே கேட்கப்படுகின்றன.

திருமணப் பேய்ப்படங்களின் இறுதிக் காட்சி பெரும்பாலும் இந்தச் சடங்கின் திரைவடிவம்.

தமிழ்த் திரைப்படங்கள்

யார் நீ? (1966)

சத்யம் இயக்கத்தில் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த படம். ராஜ் கோஸ்லா இயக்கிய ‘வோ கௌன் தி?’ (1964) என்ற இந்திப் படத்தின் தழுவல். மருத்துவர் ஒருவர் மழை இரவில் வெள்ளைச் சேலை அணிந்த பெண்ணைச் சந்திக்கிறார். பின்னர் தாய் பார்த்து முடித்த திருமணத்தில் மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தால் அதே பெண். மனைவி பேயா மனுஷியா என்ற சந்தேகத்தில் அவர் அவளை விலக்கி வைக்கிறார். இறுதியில் சொத்துக்காக உறவினர் செய்த சதியும், மனைவிக்கு ஒரே முகமுடைய இன்னொருத்தி இருப்பதும் தெரிகின்றன.

இதில் பேய் இல்லை. பார்க்காமலே மணந்த இருவர் ஒரே அறையில் அந்நியராக இருப்பதன் பயமே உள்ளது. ‘யார் நீ’ என்பது பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணத்தின் முதல் இரவில் யாருக்கும் எழக்கூடிய கேள்வி. படத்தில் கணவன் மட்டுமே அதைக் கேட்கிறான். ஒரு தவறும் செய்யாத மனைவி தான் பேய் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவளாகிறாள்.

ஆயிரம் ஜென்மங்கள் (1978)

துரை இயக்கிய இப்படம் நடிகை ஷீலா இயக்கிய ‘யக்ஷகானம்’ (1976) என்ற மலையாளப் படத்தைத் தழுவியது. விஜயகுமார், லதா, பத்மப்பிரியா, ரஜினிகாந்த் நடித்தனர். கணவனை முன்பு காதலித்து இறந்த பெண்ணின் ஆவி மனைவியின் உடலில் புகுந்து அவனோடு வாழ முயல்கிறது. மனைவியின் அண்ணனாக வரும் ரஜினிகாந்த் அதைக் கண்டுபிடித்துத் தங்கையை மீட்கிறார்.

இரு பெண்கள், ஒரே உடல், ஒரே கணவன் என்ற அமைப்பைத் தமிழுக்குக் கொண்டுவந்த முக்கியமான படம் இது. கணவன் வீட்டில் ஆபத்து என்றால் அண்ணன் வரவேண்டும் என்ற தமிழ்க் குடும்ப எதிர்பார்ப்பும் இதில் பேய்க்கதையோடு இணைந்தது.

சிவப்பு ரோஜாக்கள் (1978)

பாரதிராஜா இயக்கத்தில் கமல்ஹாசன், ஸ்ரீதேவி நடித்த படம். துணிக்கடையில் வேலை செய்யும் சாரதா, தொழிலதிபர் திலீப்பை மணந்து அவன் பங்களாவுக்கு வருகிறாள். அவன் பல பெண்களைக் கொன்றவன் என்பதை அந்த வீடே அவளுக்குக் காட்டிக்கொடுக்கிறது. கொல்லப்பட்டவர்கள் ரோஜாத் தோட்டத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

சார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட ‘நீலத்தாடி’ என்ற பிரெஞ்சுக் கதையின் சாயல் இதில் உண்டு. திறக்கக் கூடாத அறையைத் திறக்கும் புதுமனைவி அங்கே முந்தைய மனைவிகளின் பிணங்களைக் காண்கிறாள் என்பது அக்கதை. தமிழ்த் திரையில் கணவனையே பயத்தின் ஊற்றாகக் காட்டிய அரிய படங்களில் ஒன்று ‘சிவப்பு ரோஜாக்கள்’. ஆனால் அவன் கொடுமைக்குக் காரணமாக அவன் சிறுவயதில் சந்தித்த பெண்களின் துரோகத்தையே படம் காட்டுகிறது. பழி சுற்றிவந்து பெண்கள் மீதே விழுகிறது.

வா அருகில் வா (1991)

கலைவாணன் கண்ணதாசன் இயக்கிய படம். கணவன் வீட்டாரால் கொல்லப்படும் மருமகளின் ஆவி ஒரு பொம்மைக்குள் புகுந்து பழிவாங்குகிறது. பொம்மைப் பேய் வெளிநாட்டுப் படங்களிலிருந்து வந்தது. கதையின் மையம் உள்ளூர்ச் செய்தித்தாள்களில் அடிக்கடி வந்துகொண்டிருந்த மருமகள் மரணம். பேய் யாரைத் தண்டிக்க வேண்டும் என்பதில் இப்படத்துக்குக் குழப்பம் இல்லை.

சந்திரமுகி (2005)

ஃபாசில் இயக்கி, மது முட்டம் எழுதிய ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) மலையாளப் படம் பல மொழிகளில் மீண்டும் எடுக்கப்பட்டது. கங்காவாக நடித்த ஷோபனா அதற்குத் தேசிய விருது பெற்றார். பி. வாசு இதைக் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ (2004) என்றும், தமிழில் ரஜினிகாந்த், ஜோதிகா, பிரபு நடிக்க ‘சந்திரமுகி’ என்றும் எடுத்தார். சென்னை சாந்தி திரையரங்கில் ‘சந்திரமுகி’ 800 நாட்களுக்கு மேல் ஓடியது.

இங்கும் பேய் இல்லை. பழைய அரண்மனைக்கு வரும் மனைவி, அங்கே கொல்லப்பட்ட நடனக்காரியின் கதையில் தன்னை இழக்கிறாள். அவளுக்கு வந்திருப்பது மனநோய் என்று மனநல மருத்துவர் கண்டறிகிறார். வெளியே கிளம்பும் கங்காவைக் கணவன் போகக்கூடாது என்று தடுக்கும்போதுதான் அவள் முகமும் குரலும் மாறி, சந்திரமுகி முழுதாக வெளிப்படுகிறாள். மருத்துவரே திட்டமிட்டுச் சொல்லச் சொன்ன ‘வேண்டாம்’ அது. கணவனின் தடைச்சொல் ஒன்றே அடக்கிவைத்த கோபத்தை எழுப்பப் போதுமானது என்பது திரைக்கதை தரும் கூர்மையான குறிப்பு. மலையாள மூலத்தில் கங்காவின் தனிமைக்கும் வேலையிலேயே மூழ்கிய கணவனுக்கும் கூடுதல் இடம் உண்டு. தமிழில் நாயகனுக்கு இடம் பெருகியதால் அது சுருங்கியது.

அரண்மனை (2014) முதல்

‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) ஆகியவற்றுக்குப் பிறகு தமிழில் நகைச்சுவைப் பேய்ப்படங்கள் பெருகின. சுந்தர் சி. இயக்கிய ‘அரண்மனை’யில் கணவனை முன்பு நேசித்து இறந்த செல்வியின் ஆவி மனைவியின் உடலில் புகுகிறது. மனைவியின் அண்ணனே மீட்கிறார். இதற்கும் ‘ஆயிரம் ஜென்மங்கள்’ படத்துக்கும் உள்ள ஒற்றுமை அப்போதே பேசப்பட்டது.

அஷ்வின் சரவணன் இயக்கிய ‘மாயா’ (2015) வேறு வழியில் சென்றது. நயன்தாரா ஏற்ற அப்சரா கணவனைப் பிரிந்து குழந்தையோடு வாழும் பெண். செல்வராகவன் இயக்கிய ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (2021) பணக்காரக் கணவன், மனைவி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் மரியம் ஆகிய மூவரைச் சுற்றி நிகழ்கிறது. அந்த வீட்டில் கொல்லப்படும் மரியம் பேயாக வருகிறாள். ஒரு வீட்டின் குற்றத்தில் கணவனின் பணமும் வேலையாட்களின் விசுவாசமும் எப்படிப் பங்கு பெறுகின்றன என்பதை இப்படம் காட்டுகிறது.

பிற மொழிகளில்

ஜார்ஜ் க்யூக்கர் இயக்கிய ‘கேஸ்லைட்’ (1944) படத்தில் கணவன் திட்டமிட்டு மனைவியைப் பைத்தியம் என்று அவளையே நம்ப வைக்கிறான். ஒருவரின் நினைவையும் அறிவையும் அவரே சந்தேகிக்கும்படி செய்வதைக் குறிக்கும் ‘கேஸ்லைட்டிங்’ என்ற சொல் இக்கதையிலிருந்து பிறந்தது. ஹிட்ச்காக்கின் ‘ரெபெக்கா’வில் (1940) இறந்த முதல் மனைவி ஒரு காட்சியிலும் தோன்றாமலே இரண்டாம் மனைவியை அச்சுறுத்துகிறாள். ‘ரோஸ்மேரிஸ் பேபி’யில் (1968) கணவன் தன் நடிப்புத் தொழில் உயர்வுக்காக மனைவியின் உடலைப் பேரம் பேசுகிறான். ‘தி இன்விசிபிள் மேன்’ (2020) கணவனுக்கு ஒப்பான துணைவனிடமிருந்து தப்பிய பெண்ணை அவன் கண்ணுக்குத் தெரியாமல் தொடர்வதைச் சொல்கிறது. அவள் சொல்வதை யாரும் நம்பாததே அதில் பேயை விடப் பெரிய பயம்.

இந்தியில் அன்விதா தத் இயக்கிய ‘புல்புல்’ (2020) வங்காளத்து ஜமீன் வீட்டில் குழந்தை மணம் செய்விக்கப்பட்ட பெண் பேயாவதைக் காட்டுகிறது. அடிபட்ட மனைவியே பேய் என்பதையும், அவள் தேர்ந்தெடுத்துத் தண்டிக்கிறாள் என்பதையும் நேராகச் சொல்வதால் நீலியின் கதைக்கு மிக அருகில் நிற்கும் படம் இது.

பொதுக் கூறுகள்

தமிழ்த் திருமணப் பேய்ப்படங்களில் அடிக்கடி காணப்படும் கூறுகள்:

• பூட்டிய அறை அல்லது பழைய பங்களா. புதுமனைவி புகுந்த வீட்டைப் பற்றி அறியாததன் குறியீடு இது.
• மனைவியின் உடலில் இன்னொரு பெண். கோபம், ஆசை, வசை ஆகியவற்றை மனைவி தன் வாயால் சொல்ல முடியாது. பேயின் வாயால் சொல்லலாம்.
• மீட்பவன் ஆண். அண்ணன், மருத்துவர், பூசாரி என்று அவன் வேடம் மாறும்.
• பெரும்பாலும் குற்றமற்ற கணவன். கொலையைச் செய்தவன் வில்லனாகவோ முற்பிறவி ஜமீன்தாராகவோ இருப்பான்.
• தம்பதி மீண்டும் சேர்தல். பேய் போனபின் திருமணம் பழையபடி தொடரும்.

சட்டமும் பேய்ப்படமும்

வரதட்சணை தடுப்புச் சட்டம் 1961இல் வந்தது. கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவு 1983இலும், வரதட்சணை மரணத்துக்கான 304பி பிரிவு 1986இலும் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 85, 80 ஆகிய பிரிவுகளாக உள்ளன. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறியது. தமிழகத்தில் 181 என்ற மகளிர் உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

‘யார் நீ?’ படத்தில் பேய் என்று சந்தேகிக்கப்பட்ட மனைவியாக நடித்த ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோதுதான், 1992இல், தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கப்பட்டது.

திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்கு இடமான முறையில் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடத்தப்படுகிறது. தமிழ்ச் செய்தித்தாள்களில் இளம்பெண்களின் மரணச் செய்திகள் பெரும்பாலும் ‘ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கிறது’ என்ற வரியோடு முடிவது இதனால்தான். பெற்றோர், கணவன், மாமியார், அக்கம்பக்கத்தார் எல்லோரும் அந்த விசாரணையில் பேசுவார்கள். இறந்தவள் மட்டும் பேச முடியாது. அவளும் வந்து சாட்சி சொன்னால் எப்படி இருக்கும் என்ற கற்பனையே பேய்ப்படம். அவ்வகையில் திருமணப் பேய்ப்படத்தின் பேய், கொல்லப்பட்டவள் தானே வந்து தரும் வாக்குமூலம்.

மதிப்பீடு

திருமணப் பேய்ப்படங்கள், குடும்பப் படங்கள் சொல்லத் தயங்கும் சிலவற்றைச் சொல்லியிருக்கின்றன. வீடு பாதுகாப்பற்றதாக இருக்கலாம், மனைவிக்குக் கோபம் வரலாம், இறந்த மருமகளுக்கு நியாயம் கிடைக்காமல் போகலாம் என்பவற்றை லட்சக்கணக்கானோர் திரையரங்கில் அமர்ந்து ஏற்றுக்கொண்டனர். பேய் என்ற போர்வை இருந்ததால்தான் அது முடிந்தது.

இவற்றின் குறையும் அதே போர்வைதான். பேய் சொன்ன குறைகள் பேயோடு போய்விடுகின்றன. மயக்கம் தெளிந்து எழும் மனைவிக்கு எதுவும் நினைவில் இருப்பதில்லை; அவள் கணவனின் தோளில் சாய்கிறாள். பேயிடம் “உனக்கு என்ன வேண்டும்” என்று கேட்டவர்கள் அவளிடம் அதைக் கேட்பதில்லை. தமிழில் பெண் இறந்தபின் பேசும் படங்கள் பல உண்டு. உயிரோடிருக்கும் மனைவி தன் சொந்தக் குரலில், பேயின் துணையின்றி, தன் பயத்தைச் சொல்லி நம்பப்படும் படங்கள் மிகக் குறைவு.